லேஅவுட்டுக்கு முழுப் பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி ஃபைலை திறந்து பாருங்க

புக் லேஅவுட்டை வெளிய கொடுத்து பண்றவங்க இதை படிச்சிட்டு போங்க, நான் ஏமாந்த மாதிரி இன்னொருத்தர் ஏமாறக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

240 பக்க புத்தகம். இன்டிசைன்ல (புக் பக்கங்களை வடிவமைக்கிற சாஃப்ட்வேர்) பல வருஷ அனுபவம்னு சொன்ன ஒருத்தர்கிட்ட கொடுத்தேன். பிடிஎஃப் வந்துச்சு, ஸ்க்ரீன்ல பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, மொத்தப் பணத்தையும் அனுப்பிட்டேன். அப்புறம் ப்ரூஃப் பிரிண்ட் எடுத்து ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சேன் பாருங்க, வயிறே கலங்கிடுச்சு. முன்பக்க வரி மேலயே பின்பக்க வரியும் உக்காரணும்ல, இங்க ரெண்டு வரிக்கு நடுவுல பின்பக்க எழுத்து மங்கலா தெரியுது. புக்கை விரிச்சு வச்சா இடது பக்கம் ஒரு உயரம், வலது பக்கம் ஒரு உயரம்.

கேட்டா "தமிழ் ஃபான்ட்னாலே அப்படித்தாங்க"ன்னுட்டார். தயவுசெஞ்சு இதை நம்பாதீங்க.

ரெண்டு வாரம் சண்டை போட்டு சோர்ஸ் ஃபைலை வாங்கினேன். ஒரு வரியில கர்சர் வச்சா பேஸ்லைன் ஷிஃப்ட் (எழுத்தை இருக்குற இடத்துல இருந்து மேலயோ கீழயோ தள்ளுற அளவு) -1.5 பாயிண்ட், அடுத்த பாராவுல 0.75, அதுக்கடுத்த பக்கத்துல -2. கண்ணால பார்த்து பார்த்து ஒவ்வொரு வரியா கையாலயே தள்ளி வச்சிருக்கார். பாராகிராஃப் ஸ்டைல் பேர் பக்கத்துல போற இடமெல்லாம் பிளஸ் குறி, அதாவது ஸ்டைலை மீறி கையால மாத்தியிருக்குன்னு அர்த்தம் (ஓவர்ரைடு). பேஸ்லைன் கிரிட் (எல்லா பக்கத்துலயும் வரிகள் உக்கார வேண்டிய கோடுகள்) 12 பாயிண்ட்லயே இருக்கு, அது சாஃப்ட்வேர்ல முதல்லயே இருக்குற அளவு, எங்க புக்கோட லீடிங் (வரிக்கு வரி இடைவெளி) 15. அதாவது கிரிட் பக்கமே அவர் போகல.

கிரிட்டை 15னு வச்சு, பாடி ஸ்டைல்ல "கிரிட்டோட ஒட்டு"ன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா 240 பக்கமும் தானா வரிசையா நின்னிருக்கும். (கிரிட் 12லயே இருக்கும்போது ஒட்டிடாதீங்க, 15 லீடிங் வரி எல்லாம் அடுத்த கிரிட் கோடான 24க்கு தாவிடும்.) ஃபான்ட்டால வித்தியாசம் வர்ற இடமும் இருக்கு, கிரிட்ல ஒட்டாத ஃப்ரேம்ல (எழுத்து இருக்குற பெட்டி) முதல் வரி. டெக்ஸ்ட் ஃப்ரேம் ஆப்ஷன்ஸ்ல ஃபர்ஸ்ட் பேஸ்லைன் "அசென்ட்"னு இருந்தா அந்த ஃபான்ட்டோட உயரத்தை வச்சுதான் முதல் வரி உக்காரும், ஃபான்ட் மாறினா வரியும் மாறும். அதை "லீடிங்"னோ "ஃபிக்ஸ்டு"னோ மாத்தினா முடிஞ்சுது, அதுக்கு ஃபான்ட் மேல பழி போட வேண்டியதே இல்ல.

அதனால பணத்துல ஒரு பகுதியை நிறுத்தி வைங்க, பிடிஎஃப் மட்டும் வாங்காம சோர்ஸ் ஃபைலையும் சேர்த்து கேளுங்க. திறந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், சிங்கிள் கோட் மூணையும் சேர்த்து அழுத்தினா கிரிட் கோடு வரும், ஜூம் 75 சதவீதத்துக்கு கீழ இருந்தா தெரியாது, பெருசு பண்ணி பாருங்க. எழுத்தோட அடி அந்தக் கோட்டுல நிக்குதான்னு நடுவுல பத்துப் பக்கமாவது பாருங்க, முதல் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க.

ஓவர்ரைடை மொத்தமா கிளியர் பண்ணலாம்னா கையால போட்ட போல்டு எல்லாம் போயிடும், அதனால ஒவ்வொரு அத்தியாயமா செலக்ட் பண்ணி ஷிஃப்ட்டை பூஜ்யம் ஆக்கிட்டு வர்றேன். அடிக்குறிப்பு நம்பரையும் ஷிஃப்ட் வச்சே மேல ஏத்தியிருக்கார், சூப்பர்ஸ்கிரிப்ட் போடவே இல்ல, ஷிஃப்ட்டை பூஜ்யம் ஆக்கினதும் அதெல்லாம் கீழ வரிக்குள்ள விழுந்து கிடக்கு. ஒவ்வொன்னா தேடி மேல ஏத்திட்டு இருக்கேன், இப்ப 160ஆம் பக்கம்.