விளையாட்டு விருது: ஓட்டா, மதிப்பெண்ணா?

வைகையின் வடகரையில் இயங்கும் சிறிய விளையாட்டு மன்றம் ஒன்றின் செயற்குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஆண்டுதோறும் மதுரை மாவட்டத்துப் பள்ளி, கல்லூரி வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டின் சிறந்த வீரர் என்று ஒரு கேடயமும் பத்தாயிரம் ரூபாயும் கொடுக்கிறோம். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகளையும் நடத்திப் பார்த்துவிட்டோம். முதல் இரண்டு ஆண்டுகள் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிப் பொதுமக்களிடம் ஓட்டுக் கேட்டோம். கடந்த மூன்று ஆண்டுகளாக, முன்கூட்டியே அறிவித்த மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு ஐந்து பேர் கொண்ட தேர்வுக்குழு முடிவு செய்கிறது. நன்கொடையாளர்கள் சிலர் இந்த ஆண்டு மறுபடியும் ஓட்டெடுப்புக்கே போகலாம் என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அதற்கான காரணங்களை விரிவாக எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

ஓட்டெடுப்பில் உள்ள வசதிகளை மறுக்க முடியாது. செலவு கிடையாது, ஒரு கூகுள் ஃபார்ம் போதும். விழாவுக்குக் கூட்டம் சேரும். நன்கொடை தருபவரின் கடைப் பெயர் ஆயிரம் கைப்பேசிகளில் தெரியும். வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சும் குழுவின் மேல் விழாது. இந்தக் கடைசிக் காரணத்தை நம்பித்தான் நாங்களும் முதலில் அந்த வழியில் இறங்கினோம்.

இரண்டாம் ஆண்டில் இறுதிப் பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கபடி ஆடும் இளைஞர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர், நல்ல ஆட்டக்காரர், மாவட்ட அளவில் பேர் வாங்கியவர். இன்னொருவர் சங்கிலிக் குண்டு எறியும் கல்லூரி மாணவி. அந்த ஆண்டு மாநிலப் போட்டியில் வெள்ளி வென்றிருந்தார். அவருடைய பயிற்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நான்கு கிலோ குண்டு யார் மேலாவது விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, நடைப்பயிற்சிக்காரர்கள் வருவதற்கு முன்பே, காலை ஐந்தரை மணிக்கு, மைதானத்தின் ஒதுக்குப்புறத்தில் எறிவார். குண்டு விழுந்த இடத்தில் குழி விழும். எறிந்துவிட்டுத் தானே நடந்து போய், குழியைக் காலால் மண் தள்ளி மூடி, பழைய துண்டால் குண்டைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். ஒரு காலைக்கு முப்பது, நாற்பது முறை இப்படி நடக்கும். அதைப் பார்ப்பவர்கள் பயிற்சியாளரும், குழாயைத் திறந்துவிட வரும் பணியாளரும் மட்டுமே.

ஓட்டு எண்ணி முடித்தபோது கபடி வீரருக்கு நானூறுக்கு மேல் விழுந்திருந்தது. மாணவிக்கு நாற்பது கூடத் தேறவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், தன்னோடு வேலை செய்பவர்களை எல்லாம் கபடி வீரருக்கு ஓட்டுப் போட வைத்ததாகப் பெருமையோடு விழாவிலேயே சொன்னார். அதில் அந்த இளைஞரின் பிழை ஒன்றுமில்லை, உறவினரின் பிழையும் இல்லை. ஓட்டுக் கேட்டது நாங்கள். அவர்கள் ஓட்டுச் சேர்த்தார்கள்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாணவியின் தந்தை என்னிடம் வந்தார். கொத்தனார் வேலை பார்ப்பவர். சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்திருந்தார். “அண்ணே, எம்பொண்ணு எதுல கொறஞ்சா?” என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொண்டால் அடுத்த ஆண்டு சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தோடுதான் கேட்டார். என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், உங்கள் சொந்தபந்தம் சிறியது, உங்கள் கைப்பேசியில் உள்ள எண்கள் குறைவு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிடும்போது என் கணக்கில் முதலில் நிற்பது இந்தக் கேள்விதான்: தோற்றவர் வந்து காரணம் கேட்டால், விருது கொடுத்தவர் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறதா? அந்தப் பதில், அவர் அடுத்த ஆண்டு தன் உழைப்பால் சரிசெய்துகொள்ளக் கூடிய ஒன்றாக இருக்கிறதா? செலவு, கூட்டம், விளம்பரம் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். ஓட்டெடுப்பு தரும் பதில் வீரரின் உழைப்பைப் பற்றியதே அல்ல. ஓட்டுப் போட்டவர்களைப் பற்றியது. ஓட்டுப் போடுபவர் பட்டியலில் உள்ள ஆறு பேரையும் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் கிடையாது. ஒருவரை மட்டும் தெரிந்தவர் போடும் ஓட்டும், ஆறு பேரையும் எடைபோட்டவர் போடும் ஓட்டும் ஒரே மதிப்பு. ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் அது நியாயம், ஏனென்றால் ஆட்சியின் நன்மையும் தீமையும் ஓட்டுப் போடும் எல்லார் தலையிலும் விழுகிறது. யார் அதிக தூரம் எறிந்தார் என்பது அப்படிப்பட்ட விஷயம் அன்று.

நம் பக்கத்து மக்களுக்கு இதைப் புரியவைக்க வாடிவாசலே போதும். தைப்பொங்கலன்று அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரிலும் சிறந்த மாடுபிடி வீரருக்கான முதல் பரிசு பிடித்த காளைகளின் எண்ணிக்கையை வைத்தே முடிவாகிறது. களத்தில் ஒருவருக்கு எத்தனை கைதட்டல் கிடைத்தாலும் அது கணக்கில் ஏறாது. 2024-ல் அலங்காநல்லூரில் 18 காளைகளைப் பிடித்தவருக்கு முதல் பரிசும், 17 பிடித்தவருக்கு இரண்டாம் பரிசும் அறிவிக்கப்பட்டபோது, எண்ணிக்கை சரியில்லை என்று முறையீடு எழுந்தது. எண்ணிக்கையில் பிழை நேரலாம், சச்சரவு வரலாம். ஆனாலும் எந்தக் காளை, எந்தச் சுற்று என்று குறிப்பிட்டுக் கேட்கவும், பதிவைப் போட்டுப் பார்க்கவும் அங்கே வழி இருந்தது. எங்கள் விழாவில் அந்தத் தந்தைக்கு அப்படி எந்த வழியும் இல்லை.

உலக அளவிலும் இதே கதைதான் என்பதற்கு நம் நாட்டுக்குச் சாதகமாக அமைந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2021-ஆம் ஆண்டின் சிறந்த வீரருக்கான ‘வேர்ல்ட் கேம்ஸ்’ எனப்படும் உலக விளையாட்டுகள் அமைப்பின் விருது இணையத்தில் நடந்த பொது ஓட்டெடுப்பில் நம் ஹாக்கி கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷுக்குக் கிடைத்தது. அவருக்கு விழுந்த ஓட்டுகள் 1,27,647. இரண்டாவதாக வந்த ஸ்பெயின் நாட்டு ஏறுதல் (செயற்கைச் சுவரில் ஏறும் விளையாட்டு) வீரர் ஆல்பெர்ட்டோ ஹினேஸ் லோபெஸுக்கு 67,428. ஸ்ரீஜேஷ் டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு நாம் பெற்ற ஹாக்கிப் பதக்கத்தின் தூண். ஹினேஸ் லோபெஸோ அதே டோக்கியோவில் தன் விளையாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 18 வயதில் வென்றவர். நானும் ஸ்ரீஜேஷுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், என் வீட்டாரையும் போடச் சொன்னேன். ஏறுதல் போட்டியின் ஒரு நிமிடத்தைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை. திருப்பூர் உறவினர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் வேறுபாடு இல்லை.

அதே 2021-ல் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் ஆண்டு விருதுகள் எட்டும் இந்தியாவுக்கே வந்தன. தேசியச் சங்கங்கள், ஊடகத்தார், வீரர்கள், ரசிகர்கள் எனப் பல தரப்பினரும் வாக்களித்த விருதுகள் அவை. ஆடவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற பெல்ஜியத்துக்கு ஒன்றுகூட இல்லை. அந்நாட்டுச் சங்கம் வாக்களிப்பு முறையையே வெளிப்படையாகக் குறை கூறியது. நம்மவர்கள் தகுதியற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. எட்டுக்கு எட்டு என்ற முடிவை, ஆடவரில் வெண்கலமும் மகளிரில் நான்காம் இடமும் பெற்ற ஒரு நாடு பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் எப்படி விளக்கிச் சொல்லும் என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமாக நம் ஊர் ஜெர்லின் அனிகாவை எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வென்ற மதுரைப் பெண். அந்த ஆட்டங்களை இந்த நகரத்தில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? அந்த ஆண்டே அவருக்கு மத்திய அரசின் அர்ஜுனா விருது கிடைத்ததற்குக் காரணம், பதக்கங்களைக் காகிதத்தில் எடுத்து வைத்துப் பார்க்கும் ஒரு குழு இருந்ததுதான்.

குழு என்றாலே நியாயம் என்று நான் வாதிட வரவில்லை. 2018-ல் நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னா விராட் கோலிக்கும் மீராபாய் சானுவுக்கும் அறிவிக்கப்பட்டபோது, பதக்க மதிப்பெண்ணில் தான் முன்னால் இருப்பதாக மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா வெளிப்படையாகக் கேட்டார். கிரிக்கெட்டுக்கு அந்த மதிப்பெண் முறையே பொருந்தாதிருந்தது குழப்பத்தை அதிகமாக்கியது. மறு ஆண்டு பஜ்ரங்குக்கு அந்த விருது கிடைத்தது. 2015-ல் சானியா மிர்சாவுக்கு அறிவித்தபோதும், மாற்றுத்திறனாளி உயரம் தாண்டும் வீரர் கிரிஷா மதிப்பெண்ணைக் காட்டியே கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கரின் பெயர் 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலில் இல்லை என்று செய்தி வந்தபோது, விண்ணப்பிப்பதில் தன் பக்கமே தவறு இருந்திருக்கலாம் என்று அவரே சொன்னார்; பிறகு விருது பெற்றார். குழுவின் குறைகளுக்கு இவை சாட்சிதான். ஆனால் மூன்று இடங்களிலும் வீரருக்குக் கேட்பதற்கு ஒரு பிடி இருந்தது: எனக்கு இத்தனை, அவருக்கு எத்தனை என்று. ஓட்டில் தோற்றவர் எந்த நீதிமன்றத்தில் எதைக் காட்டுவார்?

எங்கள் மதிப்பெண் பட்டியல் ஒரே நாளில் அமைந்தது அன்று. குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற படிகளுக்கு ஏற்ப மதிப்பெண். ஆண்டின் சிறந்த மூன்று முடிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வது, ஏனென்றால் பணம் இருப்பவர் எல்லாப் போட்டிகளுக்கும் பயணம் செய்து புள்ளி சேர்த்துவிடுவார். குழு உறுப்பினரின் உறவினரோ மாணவரோ பட்டியலில் இருந்தால் அந்த உறுப்பினர் குழுவிலிருந்து வெளியேறிவிடுவது. இவை வரை எளிது. சிக்கல் சான்றிதழ்களில் வந்தது. சிலம்பம், கராத்தே போன்றவற்றில் ‘தேசிய அளவு’ என்று அச்சிட்டுச் சான்றிதழ் தரும் சங்கங்கள் பல. மூன்று மாநிலத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்தாலும் அது தேசியப் போட்டிதான். முதல் ஆண்டில் அப்படி ஒரு சான்றிதழுக்கு முழு மதிப்பெண் போட்டு ஏமாந்தோம்.

அதைச் சுட்டிக்காட்டியவர் நடுவரோ ஆசிரியரோ அல்லர். பள்ளிகளுக்கான குடியரசு தின தடகளப் போட்டியில் மாநில அளவில் மூன்றாம் இடம் பெற்று, எங்கள் பட்டியலில் இரண்டு மதிப்பெண்ணில் பின்தங்கிய ஒரு பள்ளி மாணவன். பலகையில் ஒட்டிய தாளைப் படம் பிடித்துக்கொண்டு வந்து, “சார், இந்தப் போட்டியில அவங்க பிரிவுல மொத்தமே அஞ்சு பேருதான் சார்” என்றான். விசாரித்தோம், உண்மைதான். கொடுத்த கேடயத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு முதல், பங்கேற்றவர் எண்ணிக்கையும் சங்கத்தின் அங்கீகாரமும் தெரிந்தால்தான் மதிப்பெண் என்று விதியை மாற்றினோம். அந்தப் பையனுக்கு அந்த ஆண்டு விருது கிடைக்கவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான். ஆனால் அவன் தாளைப் பார்த்தான், பிழையைக் கண்டான், கேட்டான், பதில் பெற்றான். ஓட்டெடுப்பு நடந்த இரண்டு ஆண்டுகளில் அப்படிப் பிழையைச் சுட்டிக்காட்டிப் பதில் பெற ஒருவருக்குக்கூட வழி இருக்கவில்லை.

இரண்டையும் கலக்கலாமே என்று நன்கொடையாளர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து நட்சத்திர ஆட்டத்தின் தொடக்க ஐவரைத் தேர்ந்தெடுக்க 2017 முதல் ரசிகர் ஓட்டுக்குப் பாதியும், வீரர்களுக்கும் ஊடகத்தாருக்கும் கால்கால் பங்கும் தருகிறார்கள். அந்த ஆண்டு ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஜாஜா பச்சூலியா 15 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கித் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தும், மற்ற இரு தரப்பின் வாக்குகள் அவரைத் தொடக்க ஐவருக்குள் விடவில்லை. அது காட்சி ஆட்டம். ரசிகர்கள் யாரைப் பார்க்க விரும்புகிறார்கள் என்பதற்கு அங்கே இடம் உண்டு. கலப்பு முறையை நாங்கள் நடத்திப் பார்த்ததில்லை, ஆகவே அது தவறு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாதி பங்கு ஓட்டுக்கு என்றால் பாதிப் பதில் எங்களிடம் இருக்காது என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. அதற்குப் பதிலாக, ‘மக்கள் மனம் கவர்ந்த வீரர்’ என்று தனியாக ஒரு பரிசை ஓட்டெடுப்புக்கே விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயரில் கொடுத்தால் கபடி இளைஞருக்குக் கிடைத்தது முழுக்க நியாயமான பரிசு.

குழு விளையாட்டுகளில் எங்கள் முறை இன்னும் தடுமாறுகிறது. பள்ளிகளுக்கான பாரதியார் தினப் போட்டியில் ஹாக்கி அணி மாநில அளவில் வென்றால் அணியில் உள்ள எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்ணா, வெளியில் உட்கார்ந்திருந்தவருக்கும் அதேதானா என்பதற்குச் சரியான தீர்வு காணவில்லை. இப்போதைக்கு உடற்கல்வி ஆசிரியர் எழுதித் தரும் ஆட்ட விவரத்தை நம்புகிறோம். மூன்று ஆண்டு அனுபவம் இதற்குப் போதாது.

நன்கொடையாளர்களில் இருவர் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் விலகிக்கொண்டார். இந்த ஆண்டுக்கான மதிப்பெண் தாளைப் போன வாரம் மன்றத்துப் பலகையில் ஒட்டினோம். மறுப்பு உள்ளவர்கள் பத்து நாளுக்குள் எழுதித் தரலாம். இதுவரை நான்கு மறுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஏற்க முடியாததற்கான காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டோம். ஒன்றில் கூட்டல் பிழை எங்களுடையது, திருத்திவிட்டோம். நான்காவது, குண்டு எறியும் ஒரு பெண்ணுடையது. ஞாயிற்றுக்கிழமை அவரையும் பயிற்சியாளரையும் வைத்துக்கொண்டு பேச இருக்கிறோம்.