கொழுந்துக் கணக்கைச் சந்தாவில் ஓட்டிய ஆறு வருடம்

இலங்கையின் மலைநாட்டில், பூண்டுலோயாவில் எங்கள் குடும்பம் தேயிலைக் கொழுந்து சேகரிக்கும் தொழில் செய்கிறது. இரண்டு லொறி, ஏறத்தாழ 140 சிறுதோட்டக்காரர்கள். பின்னேரம் லொறி போய் அவரவர் வாசலில் கொழுந்தை நிறுத்து ஏற்றி, இரவுக்குள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இறக்கிவிட வேண்டும். இந்தக் கணக்கு முழுவதையும் 2019 நவம்பரில் மாதச் சந்தா கட்டும் ஒரு இணைய மென்பொருளுக்கு மாற்றினோம். "நாங்களும் எடுக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டதால், இத்தனை வருடப் பாவனையில் கண்டதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வேலையைச் செய்கிறவை பல இருக்கின்றன.

அதற்கு முன்பு எங்களிடம் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இருந்தது. ஒரே ஒரு கணினியில் ஓடும். அதே 2019இல் ஹார்ட் டிஸ்க் போனது. மூன்று மாத எடை, கொடுத்த அட்வான்ஸ், உரத்துக்குப் பிடிக்க வேண்டிய காசு எல்லாம் அதோடு போனது. வீடு வீடாகப் போய் அவர்களிடம் இருந்த கொழுந்து அட்டைகளை வாங்கி மறுபடி எழுதினோம். மழையில் நனைந்து எழுத்து அழிந்த அட்டைகளும் இருந்தன. "அவங்க என்ன சொல்றாங்களோ அதையே கொடுத்துரு" என்றார் அப்பா. கொடுத்தோம். அப்படிக் கொடுத்ததில் விழுந்த கடனை அடைக்க ஒரு வருடம் பிடித்தது.

பெரிய நிறுவனங்கள் சந்தா முறைக்குப் போன கதை வேறு. 1999இல் தொடங்கிய சேல்ஸ்போர்ஸ் போன்றவை மென்பொருளைத் தங்கள் சேர்வரிலேயே வைத்துக்கொண்டு, இணையம் வழியாக வாடகைக்குக் கொடுத்தன. 2011இல் மைக்ரோசொப்ட் ஒபிஸ் 365 வந்தது. 2013இல் அடோபியும் சந்தாவுக்கு மாறியது. விற்கிறவர்களுக்கு மாதாமாதம் நிலையான வருமானம். ஒரு திருத்தத்தை ஒரே இடத்தில் செய்தால் எல்லா வாடிக்கையாளருக்கும் போய்விடும். வாங்குகிறவர்களுக்குச் சேர்வர் வேண்டாம், அதைப் பார்க்க ஆளும் வேண்டாம், முதலில் பெரிய தொகையும் வேண்டாம். ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் எங்கள் மாமா மாறியதற்குக் காரணம் வற் வரி. 2022 ஜூனில் 8 வீதம் 12 ஆனது, செப்டெம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரியில் 18 ஆனது. ஒவ்வொரு தடவையும் பில் போடும் மென்பொருளைத் திருத்தக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவர் சந்தாவுக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். எங்கள் விஷயம் தராசு.

என் பாட்டி தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துவிட்டு எழுதிய கிலோக்களைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கூடையில் சுமந்தது ஒரு கணக்கு, தோட்டத்துப் பதிவேடான செக்ரோலில் விழுந்தது வேறு கணக்கு. அந்தப் பாட்டியின் பேத்தி இன்று தராசுக்கு மறுபக்கம் நிற்கிறேன். எங்களுக்குக் கொழுந்து கொடுக்கிறவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கத்தான் செய்யும். போதாததற்கு, கொழுந்தின் விலை ஏலத்தில் ஸ்டோரின் தேயிலை போன சராசரியை வைத்துத் தீர்மானிக்கப்படுவது. மாதம் முடிந்த பிறகுதான் கிலோவுக்கு எவ்வளவு என்றே தெரியும். விலை தெரியாமல் ஒரு மாதம் கொழுந்து கொடுக்கிறவர், எடையையாவது நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இப்போது வாசலில் நிறுத்ததும் டிரைவர் டேப்லெட்டில் பதிவார். மொத்த எடை, சாக்கு எடை, ஈரக் கழிவு, நிகர எடை நான்கும் தனித்தனியாக அப்போதே அவர்கள் போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாகப் போகும். முதல் மாதம் நிறையப் பேர் கோபப்பட்டார்கள். "தங்கச்சி, நாப்பதுன்னு நிறுத்தீங்க, முப்பத்தாறரைன்னு வந்திருக்கே?" என்று ஒரு பெரியவர் நேரே அலுவலகத்துக்கே வந்தார். மழை நாளுக்கு மூன்றரை கிலோ கழித்திருந்தார் டிரைவர். அதே தெருவில் இன்னொருவருக்கு இரண்டுதான். உட்கார்ந்து எல்லோருடைய கழிவையும் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது, இரண்டு லொறியும் இரண்டு விதமாகக் கழித்துக்கொண்டிருந்தன. அன்றே ஒரே அளவாக்கினோம். புத்தகத்தில் இருந்தவரை இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. கணக்கு எங்கள் மேசையை விட்டு வெளியே போனதால்தான் பட்டது. நான் இன்றுவரை சந்தா கட்டுவதற்கு முதல் காரணம் இதுதான்.

தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்ப நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழிலும் சிங்களத்திலும் 70தான். அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. வார்த்தைகளைக் குறைத்துக் குறைத்து 70க்குள் கொண்டுவரவே எனக்கு ஒரு வாரம் போனது. ஆனாலும் தமிழிலும் சிங்களத்திலும்தான் அனுப்புகிறோம்.

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது இன்னொரு பயனைக் கண்டேன். எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் எவ்வளவு குறைந்தது என்று முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்து 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. எங்கள் வரைபடத்திலும் அதே சரிவு. யாருக்கு முதலில் உரம் கொடுக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

சரி, பட்ட கஷ்டத்தையும் சொல்லவேண்டும். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த 2022.

சந்தா டொலரில். ஐந்து பேருக்கு மாதம் 40 டொலர். தொடங்கும்போது 7,000 ரூபாய்ச் சொச்சம். 2022 மே மாதம் டொலர் 360 ரூபாய் ஆனபோது 14,000ஐத் தாண்டியது. அதைக்கூடச் சமாளித்தோம். வங்கி கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவை மறுத்துவிட்டதுதான் பெரிய அடி. சந்தா போகவில்லை என்று கணக்கைப் பூட்டிவிட்டார்கள். பார்க்கலாம், எதையும் பதிய முடியாது. கொழுந்துக் காசு தீர்க்க நான்கு நாள் இருந்தது. துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் கட்டித்தான் திறந்தது. சொந்தக் கணக்குக்கு வெளியில் நின்ற அந்த நான்கு நாளை நான் மறக்கவில்லை.

அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. கொஞ்ச நேரத்தில் டவரும் செத்துவிடும். இணையம் இல்லாமல் பதிந்துவைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பும் வசதி அதற்குள் வந்திருந்ததால் தப்பினோம். மலைநாட்டில் இந்த வசதி இல்லாத எதையும் எடுக்காதீர்கள். பள்ளத்தாக்குக்குள் பாதி இடத்தில் எப்போதும் சிக்னல் கிடையாது. சம்பளக் கணக்கும் இதில் சரிவரவில்லை. தொழிலாளியிடம் 8 வீதம், நாங்கள் 12 வீதம் என்று ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் என்ற நம் நாட்டுக் கணக்கு அந்த வெளிநாட்டு மென்பொருளுக்குத் தெரியாது. அதை இன்னும் எக்ஸெலில்தான் செய்கிறேன்.

அப்புறம் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நுவரெலியா மாவட்டம் எங்கும் மண் சரிந்தது. எங்கள் அலுவலகத்துக்குள் முழங்கால் அளவு சேறு. கணினி, பிரிண்டர், அப்பாவின் பழைய புத்தகங்கள் எதுவும் மிஞ்சவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. பல நாள் கழித்து ஒரு மேட்டில் சிக்னல் கிடைத்தபோது என் போனில் திறந்து பார்த்தேன். நவம்பர் 26 வரை எல்லோருடைய எடையும் இருந்தது.

எங்களுக்குக் கொழுந்து கொடுப்பவர்களில் வீட்டை இழந்தவர்கள் இருந்தார்கள். கொழுந்து அட்டை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் மண்ணுக்குள். அந்த மாத விலை வரும்வரை காத்திருக்காமல் முந்தைய மாத விலையில் கணக்குப் பார்த்து, உரக் காசைப் பிடிக்காமல் கையில் கொடுத்தோம். அன்று 40, முப்பத்தாறரை என்று கேட்டு வந்த அதே பெரியவர் பாடசாலை முகாமில் இருந்தார். அவருடைய எடையை நாள் நாளாக வாசித்தேன். விரலை மடக்கிக்கொண்டே கேட்டவர், "இருபத்தி ரெண்டாந் தேதி நான் கொடுக்கலயே, பேத்திக்குக் காய்ச்சல்" என்றார். திரையில் அந்தத் தேதியில் ஒன்றும் இல்லை.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லாத் தரவையும் இறக்கி இரண்டு பென் டிரைவில் வைக்கிறேன். ஒன்று மாமாவிடம் ஹட்டனில் இருக்கிறது. மாதச் சந்தாவை வருடச் சந்தாவாக்கி, ரூபாயில் வாங்கும் உள்ளூர் முகவர் வழியாகக் கட்டுகிறோம். மூன்றாவது லொறிக்காக இந்த மாதம் ஆறாவது ஆளையும் சேர்த்திருக்கிறோம்.