பாத்தோஜன்வாட்ச்: டைபாய்டு கிருமியின் உறவுமுறையைக் காட்டும் இலவசச் சேவை

பிளட் கல்ச்சரில் (நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமியை வளர்க்கும் சோதனை) வளர்ந்த டைபாய்டு கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை, மருந்து தோய்ந்த வட்டுகளைக் கிருமியின்மேல் வைத்துப் பார்க்கும் டிஸ்க் சோதனை மறுநாளே சொல்லிவிடும். அக்கிருமி எந்தக் கிளையில் வந்தது, அதன் நெருங்கிய உறவு வேறெந்த நாட்டில் காணப்பட்டது என்பதை அறியத்தான் எங்கள் ஆய்வகத்தில் பாத்தோஜன்வாட்ச் என்னும் இணையச் சேவையைப் பயன்படுத்துகிறோம். இங்கிலாந்தில் டேவிட் ஆனன்சன் தலைமையிலான குழு உருவாக்கிய இதற்குக் கட்டணம் இல்லை.

ஏறத்தாழ 48 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் நீளமுள்ள, கிருமியின் மரபணுத்தொகுதியைக் கோப்பாக ஏற்றினால் போதும். கணினிக் கட்டளை எதுவும் தெரியாதவருக்கும் மரபுவகை, எதிர்ப்பு மரபணுக்கள், உலகத் தொகுப்போடு ஒப்பிட்ட மரபுக்கிளைப் படம் ஆகியவை கிடைத்துவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இதன் நுணுக்கம். ஜைர்-ஏ மரபணுவில் ஒற்றை மாற்றம் மட்டும் இருந்தால் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் டைபாய்டு மருந்தின் திறன் குறையும் என்றும், ஜைர்-ஏ மரபணுவின் இரு மாற்றங்களோடு பார்-சி மரபணுவின் மாற்றமும் சேர்ந்து மூன்றானால் அம்மருந்து பயன்படாது என்றும் பிரித்துக் காட்டுகிறது.

2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் பரவத் தொடங்கிய டைபாய்டு, பழைய மருந்துகளோடு, ஊசிவழித் தரும் செஃப்ட்ரையாக்சோனையும் செயலிழக்கச் செய்தது. வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசினே எஞ்சியது. எச்58 என்னும் பழகிய கிளையே, செஃப்ட்ரையாக்சோனைச் சிதைக்கும் நொதிக்கான சி.டி.எக்ஸ்-எம்-15 மரபணுவைச் சுமந்த பிளாஸ்மிட் (கிருமிகளுக்கிடையே கைமாறக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையம்) ஒன்றைப் பெற்று இவ்வாறு மாறியது என்பதை மரபணு வரிசையாக்கமே வெளிப்படுத்தியது. அத்தகைய கிருமி நம்மிடம் வந்தால் உடனே இனங்காண முடியும் என்பதற்காகவே இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆயினும், எதிர்ப்பு இல்லை என்று இது காட்டினால், அறியப்பட்ட மரபணு எதுவும் அகப்படவில்லை என்பதே பொருள். புதிய வழியில் எதிர்ப்பைப் பெற்ற கிருமி இதன் கண்ணில் படாது. ஆகவே டிஸ்க் சோதனையை விட்டுவிட்டு இதைக் கொண்டு மருந்து எழுதுவது தவறு. துண்டு துண்டாக இணைக்கப்பட்ட வரிசையில் எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிட்டில் உள்ளதா, கிருமியின் முதன்மை டி.என்.ஏ.வான குரோமோசோமில் உள்ளதா என்பதும் பல வேளைகளில் தெளிவாவதில்லை.

மாதிரி எடுத்த நாளும் இடமும் இல்லாவிட்டால் இச்சேவை காட்டும் வரைபடமும் காலவரிசையும் வெறுமையாகவே இருக்கும். எனவே நோயாளி அண்மையில் சென்றுவந்த ஊரைப் படிவத்திலேயே கேட்டு எழுதுகிறோம். ஏற்றும்போது தெருவைக் குறிப்பிடாமல் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.