கிளட்ச் மாற்றும்போது ஃப்ளைவீல்: அப்படியே விடுவதா, கடைவதா, புதிது போடுவதா?

கியர்பாக்ஸ் தரையில் இறங்கிய பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வரும். "தம்பி, கிளட்ச் செட் கையில் இருக்கிறது. ஃப்ளைவீலை என்ன செய்யலாம்?" என்று மெக்கானிக் கேட்பார். நம் பதிலுக்காகப் பட்டறையில் வேலை நின்றிருக்கும். செலவுக்கு அஞ்சுகிறவர் "இருக்கட்டும்" என்பார். மீண்டும் பட்டறைக்கு வர அஞ்சுகிறவர் "புதிதாகவே போட்டுவிடுங்கள்" என்பார். இரண்டு பேருமே ஃப்ளைவீலின், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் அந்தக் கனமான இரும்புச் சக்கரத்தின், முகத்தைப் பார்க்காமல்தான் பதில் சொல்கிறார்கள்.

நான் முதல் வகை. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. ரப்பர் ஷீட் கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, எதிரே ஜீப் வந்தால் பாதி ஏற்றத்தில் அரைக் கிளட்சில் காரை நிறுத்திப் பிடித்து, மறுபடி கிளப்ப வேண்டும். கிளட்ச் பிளேட் தேய்ந்ததில் வியப்பில்லை. அப்போது போன பட்டறையில் ஃப்ளைவீலை எமரித் தாளால் நான்கு தேய்ப்பு தேய்த்துவிட்டுப் புதிய செட்டை மாட்டினார்கள். நானும் சரி என்றேன். மூன்றே மாதத்தில் முதல் கியரில் ஏற்றம் ஏறும்போது கார் முழுவதும் உதறத் தொடங்கியது. இரண்டாவது முறை கியர்பாக்ஸ் இறங்கியபோது ஃப்ளைவீலைப் பார்த்தேன். வட்ட முகத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஏழெட்டு நீலத் திட்டுகள். அவை முதல் முறையே அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுத்தேன். கூலியை விட வேதனை, மூன்றே மாதம் ஓடிய புதிய பிளேட்டும் வீணாகிப் போனது.

கிளட்ச் பிளேட் இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே நெருக்கப்பட்டு வேலை செய்கிறது. ஒரு முகம் பிரஷர் பிளேட், மறு முகம் ஃப்ளைவீல். கடையில் வழக்கமாக வாங்கும் கிளட்ச் செட்டில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவை மட்டுமே வரும். ஆகவே செட் எவ்வளவு நல்ல நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் பிளேட்டின் ஒரு பக்கம் புதிய முகத்தையும் மறு பக்கம் பழைய முகத்தையும்தான் உரசப்போகிறது. அந்தப் பழைய முகத்தின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பத்தான் புதிய பிளேட் தேயும்.

அடுத்த முடிவுக்கு முன்னால் உங்கள் காரில் இருப்பது எந்த வகை ஃப்ளைவீல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாருதி 800, அம்பாசடர் காலத்திலிருந்து இன்றைய பல சிறிய பெட்ரோல் கார்கள் வரை இருப்பது ஒரே துண்டான இரும்புச் சக்கரம். பல நவீன டீசல் கார்களில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல், அதாவது நடுவில் ஸ்பிரிங்குகளும் கிரீஸும் வைத்துச் சேர்த்த இரட்டைச் சக்கரம். இந்த இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லும் பட்டறையை நான் நம்ப மாட்டேன்.

முதலில் ஒரே துண்டு வகை.

அப்படியே விடுவது எப்போதும் தவறு என்று சொல்ல மாட்டேன். முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறம், நகத்தால் குறுக்கே கீறினால் எங்கும் தட்டவில்லை, நீலத் திட்டோ மயிரிழை விரிசலோ இல்லை, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் வரம்புக்குள் இருக்கிறது என்றால் தாராளமாக விடலாம். பல கார்களுக்கு அந்த வரம்பு 0.2 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். வழவழப்பு போக எமரித் தாளால் குறுக்கும் நெடுக்குமாக லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்தால் போதும். நாகர்கோவிலுக்குள் சமதளத்தில் மட்டும் ஓடும், ஓட்டுநர் கிளட்ச் மிதியில் காலை வைத்தபடியே ஓட்டாத சிறிய பெட்ரோல் காருக்கு இது பெரும்பாலும் பொருந்தும்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சூழலும் உண்டு. குளச்சலில் என் மாமா வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும்போது மட்டும் எடுக்கும் கார் ஒன்று பதினான்கு மாதம் ஷெட்டில் நின்றது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, ஆண்டு முழுவதும் உப்புக் காற்று. பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டது. கிளட்சை முழுக்க மிதித்தாலும் கியர் விழவில்லை. பிரித்துப் பார்த்தால் முகம் முழுக்கச் செந்துரு, பிளேட்டின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது. "எல்லாம் போய்விட்டதா மக்கா?" என்று மாமா பதறினார். ஆனால் துரு மேல்தோலில்தான் இருந்தது. தேய்த்ததும் உள்ளே சீரான இரும்பு. பிளேட்டை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. பார்க்கப் பயங்கரமாக இருப்பதும் உண்மையில் கெட்டுப்போனதும் வேறு வேறு. என் காரின் நீலத் திட்டுகள் பார்வைக்கு அழகாகவே இருந்தன.

அந்த நீலத் திட்டுகள்தான் "இருக்கட்டும்" என்ற பதிலைத் தோற்கடிப்பவை. கிளட்ச் வழுக்கும்போது எழும் சூட்டில் வார்ப்பிரும்பின் முகம் சில இடங்களில் மட்டும் மிக அதிகமாகக் காய்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ள, அந்த இடம் இறுகிவிடுகிறது. கொல்லன் பழுக்கக் காய்ச்சிய வெட்டுகத்தியைத் தண்ணீரில் முக்கி இறுக்குவதும் இதே வேலைதான். பிறகு அந்த இறுகிய இடம் மற்ற இடங்களைப் போலத் தேயாமல் மேடாக நிற்கும். பிளேட் அதன் மேல் ஏறி இறங்கும்போது வருவதுதான் முதல் கியர் உதறல். எமரித் தாள் அங்கே நிறத்தைத்தான் அகற்றும், மேட்டை அகற்றாது.

அங்கே கடைசல் பட்டறைக்குப் போக வேண்டும். இரண்டாவது முறை நான் அதைத்தான் செய்தேன். கோட்டாறு பக்கம் ஒரு லேத்தில் ஃப்ளைவீலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேத்துக்காரர் பெரியவர், முகத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் டூலால் சீவினால் இந்தக் கல் மேல் ஏறிக் குதிக்கும் தம்பி. கிரைண்டிங் போட வேண்டும்" என்றார். கல் என்று அவர் சொன்னது அந்த இறுகிய திட்டுகளை. சாதாரண லேத் டூல் மெத்தென்ற இரும்பைச் சீவும், கடினமான இடத்தில் சற்று விலகிவிடும். அதனால் சீவிய பிறகும் அங்கே கண்ணுக்குத் தெரியாத மேடு மிஞ்சும். சுழலும் சாணைக்கல்லால் அரைத்தெடுத்தால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். நீலத் திட்டு உள்ள ஃப்ளைவீலைக் கடையக் கொடுப்பவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் திரும்பக் கூடாது: டூலா, சாணையா?

கடைவதில் வேறு கண்ணிகளும் உண்டு. சில ஃப்ளைவீல்கள் தட்டையாக இருப்பதில்லை. உரசும் முகம் ஒரு மட்டத்திலும், பிரஷர் பிளேட் போல்ட் பிடிக்கும் விளிம்பு வேறு மட்டத்திலும் இருக்கும். அந்தப் படிக்கட்டு உயரத்தை வைத்துத்தான் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் கணக்கிடப்பட்டிருக்கிறது. முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ அதே அளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும். மறந்தால் புதிய கிளட்ச் முதல் நாளே வழுக்கும், நாம் கிளட்ச் நிறுவனத்தைக் குறை சொல்வோம். தட்டை வகையிலும் அளவு முக்கியம். அரை மில்லிமீட்டருக்குள் முகம் தெளிந்துவிட்டால் நல்லது. அதற்கு மேலும் எடுக்க வேண்டியிருந்தால், தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சத் தடிமனைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. மெலிந்த சக்கரம் சூட்டைத் தாங்காது. முன்பு எப்போதோ ஒரு முறை கடைந்த சக்கரம் என்றால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும்.

கழற்றும்போது, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடத்தில், திரும்ப அதே நிலையில் மாட்டுவதற்காக ஒரு குறி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஃப்ளைவீலைக் கழற்றியதற்கு இன்னொரு பயனும் கிடைக்கிறது: பின்னால் இருக்கும் ஆயில் சீலைப் பார்க்க முடியும். அது கசிந்துகொண்டிருந்தால் உலகத்தின் எந்தக் கிளட்ச் பிளேட்டும் நிலைக்காது. சீலின் விலை அற்பம், அதை மாற்ற இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஃப்ளைவீல் போல்ட்டுகளையும் கவனிக்க வேண்டும். பல கார்களில் அவை ஒரு முறை இறுக்கியதும் சற்றே நீளும் வகை. அவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே புதிய போல்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டால், சனிக்கிழமை மாலை அவற்றுக்காகத் திருவனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பும் நிலை வராது.

புதிய ஃப்ளைவீல் எப்போது? போல்ட் துளையை நோக்கி ஓடும் விரிசல் இருந்தால், தடிமன் வரம்பைத் தொட்டுவிட்டால், சக்கரமே வளைந்து டயல் கேஜில் ஆடினால் பேச்சே வேண்டாம். ரிங் கியர், அதாவது சக்கரத்தின் வெளி விளிம்பில் உள்ள பல் வளையம், தேய்ந்ததற்காக மட்டும் முழுச் சக்கரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும், ஆகவே ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த இரண்டு இடங்களின் பற்களையே திரும்பத் திரும்பக் கடிக்கும். ரிங் கியர் தனியாகக் கிடைக்கும் கார்களில் அதைச் சூடாக்கி விரித்து ஏற்றிவிடலாம். பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் ஃப்ளைவீலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதன் கடந்த காலம் நமக்குத் தெரியாது. எப்படியும் அதையும் கடைய வேண்டிவரும். அதற்கு நம்முடையதையே கடையலாம்.

ஆக, ஒரே துண்டு வகைக்கு என் தீர்ப்பு கடைவதன் பக்கம் சாய்கிறது. கியர்பாக்ஸை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் கடைசல் கூலி சிறு பகுதிதான். மலையோரத்தில், அருமனை, கடையாலுமூடு, கீரிப்பாறை பக்கம் ஓடும் கார்களுக்கு முகம் ஓரளவு நன்றாக இருந்தாலும் கடைந்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

டூயல் மாஸ் வகையில் கணக்கு தலைகீழாகிறது.

1985இல் ஜெர்மனியின் லுக் நிறுவனம் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பொருள் இது. டீசல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் ஷாஃப்டை ஒரு தட்டுத் தட்டுகிறது. அந்தத் தட்டல்கள் கியர்பாக்ஸுக்குப் போகாமல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள வில் ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன. சுகமான ஏற்பாடு. ஆனால் ஸ்பிரிங்கும் கிரீஸும் ஆயுள் உள்ளவை. உரசும் முகம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சக்கரம் செத்திருக்கலாம். அதனால் முகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வது இங்கே செல்லாது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இதைக் கடைவதை ஏற்பதும் இல்லை.

சோதனை வேறு. இரட்டைச் சக்கரத்தில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் சக்கரத்தைக் கையால் இரு பக்கமும் திருப்பி, ஸ்பிரிங் எதிர்க்காமல் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். முன்னும் பின்னும் சாய்த்து ஆட்டம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒவ்வொரு காருக்கும் தனி வரம்பு உண்டு. கிரீஸ் வெளியே சிதறியிருந்தால் அதுவே போதுமான சாட்சி. எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்று ஓர் இரும்புச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தால் பட்டறைக்குப் போகும் முன்பே சந்தேகம் வர வேண்டும்.

வாரம் இரண்டு முறை நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்வரும் என் அத்தானின் டீசல் காரில் அந்தச் சத்தம் வந்தது. மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் ஊர்ந்து ஊர்ந்து போகும் சாலை அது. அவர் கியர் குறைக்கச் சோம்பல்பட்டு மூன்றாவதிலேயே இழுப்பவர். குறைந்த சுழற்சியில் எஞ்சினைத் திணற வைப்பது இந்த ஸ்பிரிங்குகளுக்குப் பெரிய எதிரி. அவருடைய பேட்டரியும் பழையது. எஞ்சின் கிளம்பும்போதும் அணையும்போதும் இரட்டைச் சக்கரம் தன் இயல்பான அதிர்வு எல்லையைக் கடந்துதான் போக வேண்டும். பேட்டரி வலுவிழந்து எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அந்த எல்லைக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. ஒரு பேட்டரியைத் தள்ளிப்போட்டதால் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள சக்கரம் அடி வாங்குகிறது.

பெரும்பாலும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் ஒன்றின் விலை கிளட்ச் செட்டின் விலையையே தாண்டும். அத்தான் தயங்கினார். ஒரே துண்டு ஃப்ளைவீலாக மாற்றும் தொகுப்பு உண்டு, விலை குறைவு, இனி கெடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு தொகுப்பு இருப்பது பொய்யில்லை. வேலியோ (Valeo) நிறுவனம் ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், பிளேட், பேரிங் என நான்கும் சேர்ந்த தொகுப்பாகவே விற்கிறது. அதன் பிளேட்டில் நீண்ட தூரம் அசையும் ஸ்பிரிங்குகள் இருக்கும். இரட்டைச் சக்கரம் செய்த வேலையில் ஒரு பங்கை அவை ஏற்றுக்கொள்ளும். பாரம் ஏற்றி மலையில் ஓடும் வாடகை வண்டிக்கு அது பொருத்தமே. சூட்டைத் தாங்கும், அடுத்த முறை கடையவும் முடியும்.

ஆனால் ஒரு பங்கைத்தான் ஏற்கும். மிச்ச அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகும். நியூட்ரலில் நிற்கும்போது கியர் கலகலக்கும், குறைந்த வேகத்தில் கார் முழுக்க ஒரு முனகல் இருக்கும். தொகுப்பாக வாங்காமல், வெறும் ஒரே துண்டுச் சக்கரத்தோடு ஸ்பிரிங் இல்லாத பழைய பிளேட்டைச் சேர்த்து மாட்டினால் அது கியர்பாக்ஸுக்குச் செய்யும் துரோகம். இன்னும் ஐந்தாறு ஆண்டு குடும்பத்தோடு ஓட்டப்போகும் கார் என்றால் இரட்டைக்கு இரட்டைதான் என்று அத்தானிடம் அழுத்திச் சொன்னேன். அக்காவும் என் பக்கம் நின்றாள். புதிய இரட்டைச் சக்கரமும் புதிய பேட்டரியும் போட்டார். சோதனையில் ஆட்டம் வரம்புக்குள் இருந்திருந்தால் பழையதையே விடச் சொல்லியிருப்பேன். கிலோமீட்டர் கணக்கை மட்டும் காட்டி மாற்றச் சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

போன மாதம் அருமனையில் இருக்கும் சித்தப்பா மகனின் சிறிய பெட்ரோல் காருக்கு அதே அழைப்பு வந்தது. "முகத்தைத் துடைத்து ஒரு படம் அனுப்பச் சொல், நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்" என்றேன். படம் வந்தது. நீலம் இல்லை, விரிசல் இல்லை. தேய்ந்த பிளேட்டின் ரிவெட்டுகள் கீறிய இரண்டு வளையங்கள் மட்டும், நகம் தட்டும் ஆழத்தில். காலையில் லேத்துக்குப் போன சக்கரம் மதியம் திரும்பியது. சீல் புதிது, போல்ட் புதிது. மாலையில் காரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு ஏற்றத்துக்கே வந்தான். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, முதல் கியரில் எடுத்துக் காட்டினான். உதறல் இல்லாமல் ஏறியது.