படகா, பாட்டா? பினாங்கு, கூச்சிங், கோலாலம்பூர்: ஓர் ஒப்பீடு

ஆற்றங்கரையில் நகரத் திருவிழா, பகலில் படகுப் போட்டி, இரவில் கச்சேரி. ஐரோப்பிய நகரங்களின் கோடைக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம் மலேசியாவில் இப்படி எதுவும் இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக. படகு ஓரிடம், பாட்டு வேறிடம், மாதமும் ஒத்துவராது. அதனால் டிக்கெட் போடும் முன் படகா பாட்டா என்று வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொந்த ஊர் பினாங்கு. டிராகன் படகுப் போட்டி இங்கே 1979 முதல் அனைத்துலக அளவில் நடக்கிறது. ஒரு காலத்தில் கர்னி டிரைவ் கடலோரத்தில் நடந்தது; பிறகு தெலுக் பஹாங் அணைக்கட்டுக்கு மாறிவிட்டது. கடலின் அலையும் ஏற்ற வற்றமும் அங்கே இல்லை என்பதால் துடுப்பு போடுகிறவர்களுக்கு வசதிதான். வேடிக்கை பார்க்கிறவர்கள் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம். ஜார்ஜ்டவுன் நகர மையத்தின் கொம்தார் கோபுரத்திலிருந்து 101 பஸ் பத்து ஃபெரிங்கி வழியாக வளைந்து வளைந்து தெலுக் பஹாங் போய்ச் சேரும். அணைக்கட்டுக்கு அங்கிருந்து 501 எடுக்க வேண்டும். வார இறுதியில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று பினாங்குக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. சொந்தக் கார் இருந்தால் பாலிக் புலாவ் பக்கமாகச் சுற்றி வருவது நிம்மதி. போட்டி ஆண்டின் நடுவிலும் நடந்திருக்கிறது, டிசம்பரிலும் நடந்திருக்கிறது. தேதியைப் பார்க்காமல் லீவு போடாதீர்கள்.

ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் அலைச்சல் மறந்துவிடும். பெரிய படகில் இருவர் இருவராகப் பத்து வரிசை, மொத்தம் 20 பேர். பின்னால் ஒருவர் நின்றுகொண்டு திசை திருப்புகிறார். முன்னால் மேளக்காரர், அதுவும் போகும் திசைக்கு முதுகு காட்டி, துடுப்பு போடுகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தைப்பூசத்தில் உறுமிக்காரர் காவடி எடுப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பாரே, ஏறக்குறைய அது மாதிரி. ஒன்று கவனியுங்கள்: பின்வரிசையில் இருப்பவர்கள் மேளத்தை மட்டும் நம்புவதில்லை. முதல் வரிசை இருவரின் துடுப்பு எப்போது தண்ணீரில் இறங்குகிறது என்பதில்தான் கண். அந்த இருவர் தடுமாறினால் படகே தடுமாறும்.

பினாங்கின் பாட்டுப் பங்கு ஜார்ஜ்டவுன் விழாவில் இருக்கிறது. 2008 ஜூலை 7இல் நகரத்துக்கு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் கிடைத்ததை ஒட்டி 2010இல் தொடங்கியது. பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். இசை, நாடகம், நடனம் எல்லாம் கலந்து, பழைய தெருக்களையே மேடையாக்கிவிடுவார்கள். இலவச நிகழ்ச்சிகளும் உண்டு. லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம் என்பது எனக்குப் பெரிய காரணம். தண்ணீர் விளையாட்டு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, சரவாக் மாநிலத் தலைநகர் கூச்சிங். படகு பார்க்க வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். சரவாக் ரெகாட்டா என்ற படகுப் போட்டி 1872இல், அப்போது சரவாக்கை ராஜாவாக ஆண்ட ஆங்கிலேயர் சார்ல்ஸ் புரூக் ஆட்சியில் தொடங்கியது. ஆறு நகரத்தின் நடுவே ஓடுகிறது, போட்டியும் அங்கேயே. நடைபாதையில் நின்றால் நீண்ட படகுகள் கண்ணெதிரே பாயும். எதிர்க்கரையில் மார்கரீட்டா கோட்டை. 2017இல் திறந்த தாருல் ஹானா பாலத்தில் ஏறினால் மேலிருந்தும் பார்க்கலாம். அணைக்கட்டுக்குப் போய் நிற்பதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஊரே கரையில் நிற்கும். ஒரே குறை, இது ஆண்டின் பிற்பாதியில் வருகிறது; மழை துரத்தலாம்.

பாட்டுக்காகக் கூச்சிங் போகிறவர்கள் ஜூன் மாதத்தையொட்டிப் போவார்கள். மழைக்காட்டு உலக இசை விழா 1998 முதல் சந்துபோங் மலையடிவாரத்தில், சரவாக் கலாசாரக் கிராமத்தில் நடக்கிறது. நகரத்திலிருந்து 35 கிலோமீட்டர் போல. டிக்கெட் மலிவில்லை. இரவு மேடையை விட எனக்குப் பிடித்தது பகல் பட்டறைகள்: பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் பாரம்பரிய நீண்ட வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து, ஒரே மரத்தைக் குடைந்து செய்த சப்பே என்ற சரவாக் நரம்பிசைக் கருவியின் கம்பியை வாசிப்பவர் எப்படித் தொடுகிறார் என்று கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். நாலு பேர் குடும்பம் என்றால் விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்த்துப் பர்ஸ் இளைத்துவிடும்.

கோலாலம்பூரை நான் இந்தப் போட்டியில் சேர்ப்பதே மரியாதைக்காக. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில், 1909இல் கட்டிய மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலைச் சுற்றி, இரவில் நீல விளக்கும் பனிப்புகையும் அழகுதான். போட்டோவுக்கு நல்லது. ஆனால் அந்த ஆறு சிமெண்டுக் கரைகளுக்குள் ஓடுகிறது. மாலை மழை கொட்டினால் நீர் சட்டென்று ஏறும். அதில் யார் படகு விடுவது? துடுப்பு பிடிக்க ஆசைப்படுகிற தலைநகரவாசிகள் புத்ராஜெயா ஏரிக்குப் போகலாம். எம்ஆர்டி ரயிலின் புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் முழுதாகத் திறந்ததால் கார் இல்லாமலும் அந்தப் பக்கம் போக முடியும். ஏரிக்கரைக்கு ஒரு கிராப் வாடகைக் கார் பிடித்தால் போதும்.

கூச்சிங் என்று முடிவு செய்தால் ஒன்று: உள்நாட்டுப் பயணம்தானே என்று வெறுங்கையோடு கிளம்ப வேண்டாம். தீபகற்பத்திலிருந்து வருகிறவர்களுக்கும் சரவாக்கில் குடிநுழைவுச் சோதனை உண்டு. பெரியவர்களின் மைகாட் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இரண்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாமல்.