பழைய கோழிகளோடு புதுக் குஞ்சுகளைச் சேர்க்க ஒரு கம்பிக் கூண்டு: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தத்துக்கு அருகே, மாந்தோப்பை ஒட்டிய எங்கள் வீட்டுப் புழக்கடையில் மூன்று ஆண்டுகளாக ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்ந்து வருகின்றன. கடந்த ஆவணி நடுவில் ஒரு மாத வயதுடைய சிறுவிடைக் (சிறிய உடல்வாகு கொண்ட நாட்டுக்கோழி வகை) குஞ்சுகள் பன்னிரண்டை வாங்கினேன். அவற்றைப் பழைய கோழிகளோடு சேர்ப்பதற்கென்றே செய்து விற்கப்படும் கம்பிக் கூண்டு ஒன்றையும் 4,800 ரூபாய் கொடுத்து, வண்டி வாடகை தனியாகத் தந்து, ஒரு வெல்டிங் பட்டறையிலிருந்து இறக்கினேன். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி, இந்த வகைக் கூண்டு செய்யும் யாருக்கும் பொருந்தக்கூடியவை.

கூண்டு ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்டது. இரும்புச் சட்டத்தில் துத்தநாகப் பூச்சுக் கம்பி வலை பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மேலே தகரக் கூரை, பக்கவாட்டில் ஆள் கைவிடும் அளவுக்கு ஒரு கதவு, அடிப்பகுதி திறந்த வெளி. இரண்டு குறுகிய பக்கங்களிலும் தரையோடு ஒட்டி, மேலும் கீழும் நகரும் தகட்டுடன் ஒவ்வொரு சிறு வாசல் இருக்கிறது. பட்டறைக்காரர் இதைக் ‘குஞ்சு வாசல்’ என்றார். இந்தக் கூண்டுக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று நான் சொல்வதற்கு இந்த வாசல்கள்தாம் காரணம்.

கூண்டே எதற்கு, குஞ்சுகளைத் திறந்துவிட்டால் தாமாகப் பழகிக்கொள்ளாதா என்று என் தம்பி கேட்டான். பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குள் இரண்டு மூன்று குஞ்சுகளின் மண்டை உடைந்திருக்கும். கோழிகளுக்குள் யார் முதலில் தீவனத்தில் வாய் வைப்பது, யார் பரணில் எந்த இடத்தில் உட்காருவது என்பதற்கெல்லாம் ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே, சிறுவயதில் தொடங்கிக் கோழிகளைக் கூர்ந்து கவனித்து 1921-இல் எழுதிய ஆய்வின் வழியாகத்தான் இந்தக் ‘கொத்து வரிசை’ அறிவுலகத்தின் பேசுபொருளாயிற்று. கோழி வளர்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது வேறு. புதிய கோழி ஒன்று நுழைந்தாலே அந்த வரிசை குலைந்துவிடுகிறது. நுழைவது பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் என்றால், திருப்பிக் கொத்தவும் தெரியாமல் தப்பி ஓடவும் இடமில்லாமல் அவை மூலையில் முடங்கிவிடுகின்றன.

கூண்டோடு கொடுத்த அச்சிட்ட தாளில், குஞ்சுகளை வாங்கி வந்த அன்றே கூண்டில் விட்டுப் பழைய கோழிகளின் நடுவில் வைக்கலாம், மூன்றே நாளில் சேர்ந்துவிடும் என்று எழுதியிருந்தது. இந்த இரண்டும் தவறு, முதலாவது ஆபத்தானதும்கூட. கம்பி வலை அலகைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. வெள்ளைக்கழிச்சல் எச்சத்தின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் பரவும் வைரஸ் நோய். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட்டிருந்தார்களா என்பதை விற்றவரின் வாய்வார்த்தையை வைத்துத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே, நான் வாங்கிய குஞ்சுகளை வீட்டின் மறுபக்கத்தில் பழைய சமையற்கட்டில் தனியாக இரண்டு வாரம் வைத்திருந்தேன். அவற்றுக்குத் தண்ணீர் வைத்த கையோடு பெரிய கோழிகளிடம் போகாமல், முதலில் கோழிகளைப் பார்த்துவிட்டுப் பிறகே குஞ்சுகளிடம் போனேன். குஞ்சுகளுக்கென்று தனியாக ஒரு செருப்பும் வைத்துக்கொண்டேன். ஆறாம் நாள் ஒரு குஞ்சு இறகை உப்பிக்கொண்டு நின்றது. எச்சத்தில் ரத்தம் கலந்திருந்தது. கால்நடை மருத்துவமனையில் ரத்தக்கழிச்சல் என்று சொல்லி, எல்லாக் குஞ்சுகளுக்கும் தண்ணீரில் கலந்து தர மருந்து கொடுத்தார்கள். அந்த ஒரு குஞ்சு பிழைக்கவில்லை. மற்ற பதினொன்றும் தேறிவிட்டன. தாளில் சொன்னபடி செய்திருந்தால், மழை ஈரம் காயாத அந்த வாரத்தில் பழைய கோழிகள் மேயும் மண்ணிலேயே அந்த எச்சம் விழுந்திருக்கும்.

புரட்டாசி தொடக்கத்தில், ஆறு வார வயதில், குஞ்சுகளைக் கூண்டில் விட்டுக் கோழிகள் மேயும் இடத்தில் வைத்தேன். மறுநாளே கூண்டின் முதல் பெருங்குறை தெரிந்துவிட்டது. நீளப் பக்கங்களில் போட்டிருப்பது ஒன்றரை அங்குலக் கண் உள்ள வலை. ஆறு வாரக் குஞ்சின் தலை அதில் தாராளமாக நுழைகிறது. வெளியே சிந்திக் கிடந்த கம்புக்காக ஒரு குஞ்சு தலையை நீட்டியது. அங்கே நின்றிருந்த கீரி நிறப் பெட்டை அதன் உச்சந்தலையைப் பிடித்து இழுத்தது. நான் ஓடிப்போய் விலக்குவதற்குள் தோல் விரல்நக அளவுக்கு உரிந்துவிட்டது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, காயம் கருத்துக் காயும் வரை அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் அடைத்து வைத்தேன். காரணம், ரத்தச் சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்த குஞ்சுகளும் அந்த இடத்தையே கொத்தும். பிறகு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்கி, கூண்டைச் சுற்றி ஓரடி உயரத்துக்குக் கட்டுக்கம்பியால் நானே கட்டினேன். அதற்கு ஆன செலவு 900 ரூபாய். குஞ்சுக்கென்று செய்த கூண்டில் குஞ்சின் தலை நுழையும் வலையைப் போடுவதை அசட்டை என்றுதான் சொல்வேன். பகலில் இப்படியென்றால், இரவில் மரநாயோ கீரியோ அந்தக் கண் வழியாகவே குஞ்சை இழுத்துவிடும்.

இனி அந்த வாசலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தகட்டை மூன்று உயரங்களில் நிறுத்தலாம்: நான்கு அங்குலம், ஐந்து அங்குலம், ஆறு அங்குலம். இரண்டு வாரம் வலைக்கு அப்பாலிருந்து ஒன்றையொன்று பார்த்துப் பழகியபின், நான்கு அங்குலத்தில் நிறுத்தி இரு வாசல்களையும் திறந்தேன். முதல் நாள் ஒரு குஞ்சும் வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் மூன்று குஞ்சுகள் வந்தன. செவலைப் பெட்டை கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு இரண்டடி எடுத்து வைத்ததுமே மூன்றும் தகட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டன. செவலை துரத்தி வந்த வேகத்தில் தகட்டில் நெஞ்சை முட்டிக்கொண்டு நின்றது. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் தரையைக் கிளறத் தொடங்கியது. இதே காட்சி அந்த வாரத்தில் ஐம்பது தடவையாவது நடந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் துரத்தும் தூரம் சற்றுக் குறைந்துகொண்டே வந்தது. வாசல்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதும் நல்ல யோசனைதான், ஏனென்றால் ஒரு பெட்டை ஒரு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாலும் குஞ்சு மறுபக்கமாக உள்ளே போய்விடலாம். ஒரே வாசல் வைத்த கூண்டு அடைக்கலமாக இருக்காது, பொறியாகிவிடும்.

இதைப் பார்த்தபோது என் அப்பத்தா செய்தது நினைவுக்கு வந்தது. அவர் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்து, ஒரு பக்க விளிம்புக்கு அடியில் உள்ளங்கை அளவுக் கல்லை முட்டுக்கொடுத்து, உள்ளே நொய்யைத் தூவிவிடுவார். குஞ்சுகள் நுழைந்து தின்னும். பெரிய கோழிகள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடும். பட்டறைக்காரர் இரும்பில் செய்திருப்பது அந்தக் கல்லைத்தான். நாலைந்து குஞ்சுகள் மட்டுமே வைத்திருப்பவர்களும், பகல் முழுவதும் வீட்டில் ஆள் இருப்பவர்களும் பஞ்சாரமும் கல்லும் கொண்டே இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு குஞ்சுகளுக்குப் பஞ்சாரம் போதாது, இரவுக் காவலுக்கும் அது உதவாது.

வாசலால் கிடைக்கும் இன்னொரு பயன் தீவனம். முட்டையிடும் கோழிகளுக்கான கலப்புத் தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும். குஞ்சுத் தீவனத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். குஞ்சுகள் முட்டைத் தீவனத்தையே தொடர்ந்து தின்றுவந்தால் அவற்றின் சிறுநீரகம் கெட்டுவிடும். பெரிய கோழிகளுக்கோ குஞ்சுத் தீவனம் என்றால் உயிர். தட்டு கண்ணில் பட்டால் ஒரு மணி கூட மிஞ்சாது. குஞ்சுத் தீவனத்தைக் கூண்டின் நடுவில் வைத்துவிட்டால் குஞ்சுகளின் பங்கு குஞ்சுகளுக்கே கிடைக்கிறது. வெளியே முட்டைத் தீவனம் வைப்பதை அந்த ஒன்றரை மாதம் நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகக் கம்பும் சோளமும் இறைத்தேன். பெட்டைகளுக்குத் தேவையான சுண்ணாம்புக்காக உடைத்த கிளிஞ்சலை உயரமான ஒரு சட்டியில் தனியாக வைத்தேன். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. குஞ்சுகள் வளர்கின்றனவே என்று தகட்டை ஐந்து அங்குலத்துக்கு ஏற்றிய அன்று மாலை, எங்கள் கூட்டத்திலேயே சிறியவளான கருப்பி வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்து, தட்டின் நடுவில் ஏறி நின்று தின்றுகொண்டிருந்தாள். சிறுவிடைப் பெட்டைகள் உடல் சிறுத்தவை. அவற்றை வைத்திருப்போர் நான்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆறு அங்குல நிலை யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

தகரக் கூரையை ஏற்க முடியாது. புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அந்த வெயிலில் பதினோரு மணிக்கே குஞ்சுகள் அலகைத் திறந்து இறக்கையை விரித்துக்கொண்டு இளைக்கத் தொடங்கின. தென்னங்கீற்று இரண்டை மேலே போட்டு நனைத்த சாக்கை விரித்தபின்தான் அடங்கின. அடிப்பகுதி திறந்திருப்பதால் கூண்டைத் தினமும் காய்ந்த தரைக்கு நகர்த்தலாம், எச்சம் ஒரே இடத்தில் சேராது என்பது நல்லதே. ஆனால் இதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், சக்கரம் கிடையாது. சட்டத்தைச் சுற்றி ஓரடி அகல வலையைத் தரையில் படரும்படி விட்டிருந்தால் கீரி தோண்டிக்கொண்டு வருவதைத் தடுத்திருக்கலாம். நான் தினமும் செங்கல் அடுக்கினேன். இருபத்தைந்து குஞ்சுகளுக்குப் போதும் என்று தாள் சொல்வதையும் நம்ப வேண்டாம். பதினெட்டுச் சதுர அடியில் இரண்டு மாதக் குஞ்சுகள் பதினைந்துக்கு மேல் இருந்தால், நெரிசலிலேயே அவை ஒன்றையொன்று இறகு பிடுங்கத் தொடங்கிவிடும்.

ஐப்பசி பிறந்தபோது குஞ்சுகளுக்குப் பத்து வாரம் நிறைந்து, கருப்பியின் உயரத்தில் முக்கால் பங்கு வந்துவிட்டன. பகலில் கூண்டுக் கதவையே திறந்து வைத்தேன். சேவல் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டொரு முறை மண்ணைக் கிளறி ‘கொக் கொக்’ என்று கூப்பிட்டுத் தானியத்தைக் காட்டவும் செய்தது. மிகவும் கொடுமை செய்தது யாரென்றால், அதுவரை எல்லோரிடமும் கொத்து வாங்கிக்கொண்டிருந்த சாம்பல் பெட்டைதான். தனக்குக் கீழே ஆள் கிடைத்த மகிழ்ச்சியோ என்னவோ. அது ஒரு குஞ்சையே குறிவைத்துத் துரத்தியதால், நான்கு நாள் சாம்பலைப் பிடித்துத் தனியே அடைத்து வைத்தேன். திரும்பி வந்தபோது அதுவே புதிதாக வந்ததுபோல் ஓரமாக நின்றது.

இரவில் சேர்த்துவிட்டால் விடிந்ததும் தெரியாது என்று பலர் சொல்வார்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது உண்மை. விடிந்தபின் எல்லாம் தெரியும் என்பதும் உண்மை. பகலில் பழகாத குஞ்சுகளை இரவில் பரணில் ஏற்றிவைத்து விடியற்காலையில் நாம் தூங்கிக்கொண்டிருந்தால், அடைத்த கொட்டகைக்குள் தப்பிக்க வழியில்லாமல் அவை அடிபடும். பகலில் சேர்ந்து மேயத் தொடங்கிய பிறகே, அந்தி சாய்ந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழ்ப்பரணில் உட்காரவைத்தேன். ஐந்தாம் நாள் அவை தாமாகவே ஏறின. அந்த ஐந்து நாளும் விடிவதற்கு முன் எழுந்து கொட்டகைக் கதவைத் திறந்தேன். ஆக, தாளில் சொன்ன மூன்று நாள் எனக்கு ஆறு வாரமாயிற்று. தனியே வைத்த இரண்டு வாரமும் அதில் அடங்கும்.

வீட்டில் அடைக்கோழி இருக்குமானால், ஒரு நாள் இரண்டு நாள் வயதுக் குஞ்சுகளுக்கு இந்தக் கூண்டே தேவையில்லை. பதினைந்து இருபது நாள் அசையாமல் அடைகாத்த கோழியின் வயிற்றுக்கு அடியில் இரவில் குஞ்சுகளைச் செருகி முட்டைகளை எடுத்துவிட்டால், பெரும்பாலும் அது தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொள்ளும். பிறகு மற்றக் கோழிகளிடமிருந்து காப்பதும் கூட்டத்தோடு பழக்குவதும் தாயின் வேலை. விடியும்போது அருகில் இருந்து அது கொத்துகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஒரு மாதக் குஞ்சுகளைத் தாய்க்கோழி ஏற்காது, குஞ்சுகளும் அதன் அடியில் ஒதுங்கா. கூண்டு உதவுவது இந்த வயதினருக்குத்தான்.

வலைக்கும் கூரைக்கும் கூடுதலாகச் செலவழிக்கத் தயங்காதவர்கள் இதை வாங்கலாம்; மற்றவர்கள் குஞ்சு வாசலின் அளவை மட்டும் குறித்துக்கொண்டு, தங்கள் ஊர்ப் பட்டறையில் அரை அங்குல வலையில் செய்துகொள்வது மேல். கார்த்திகையில் பட்டறைக்குப் போன் செய்து இந்தக் குறைகளைச் சொன்னேன். அடுத்து செய்யும் கூண்டுகளில் கீழ்ப்பாதிக்கு அரை அங்குல வலை போடுவதாகவும், அதற்கு 600 ரூபாய் கூடும் என்றும் சொன்னார்கள். கூரையைப் பற்றிக் கேட்டதற்கு, கீற்றுப் போட்டுக்கொள்ளுங்கள் சார் என்றார்கள்.