மணிக்கட்டுக் கயிறா, மார்புப் பட்டையா? குழந்தையின் முழங்கையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கூட்டத்தில் குழந்தை கைவிட்டு ஓடிவிடக் கூடாது என்று பெற்றோர் வாங்கும் பாதுகாப்புக் கயிறுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெரியவரின் மணிக்கட்டையும் குழந்தையின் மணிக்கட்டையும் சுருள் கயிற்றால் இணைப்பது. மற்றது, குழந்தையின் தோளிலும் மார்பிலும் பட்டை மாட்டி, முதுகுப் பக்கத்திலிருந்து வரும் வாரைப் பெரியவர் பிடித்துக்கொள்வது. சின்ன முதுகுப்பை வடிவிலும் இது கிடைக்கிறது. கயிறு அறுமா, பூட்டு கழலுமா என்று பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: குழந்தை திடீரென்று பாயும்போது அந்த இழுப்பை உடம்பின் எந்தப் பகுதி தாங்குகிறது?

மணிக்கட்டுக் கயிற்றில் அதைத் தாங்குவது முழங்கை. அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்த வகை வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ஆரை எலும்பின் தலையை, முழங்கையில் ஒரு வளையத் தசைநார் சுற்றிப் பிடித்திருக்கிறது. சிறு வயதில் இந்தப் பிடிப்பு தளர்வானது. கை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பியிருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால், எலும்பின் தலை சற்றே நழுவும். தசைநார் அதன் மேல் ஏறி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இது மிக அதிகம். ஐந்துக்குப் பிறகு தசைநார் தடித்து உறுதியாகிவிடுவதால் அரிதாகிறது. இதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை, ஒரு வெட்டு இழுப்பு போதும்.

மணிக்கட்டுக் கயிறு உண்டாக்குவது அச்சாக அதே இழுப்பைத்தான். சுருள் நீள்கிறதே, அதிர்ச்சியைக் குறைக்காதா என்று கேட்கலாம். நீளும் வரை சரி. முழுநீளத்தை எட்டியதும் கயிறு சட்டென நின்றுவிடும். ஓட்டத்தின் வேகம் முழுவதும் அந்த ஒரு கணத்தில் கைக்கு வந்து சேரும். பெரியவரின் கை உயரத்தில் இருப்பதால் இழுப்பு மேல்நோக்கியே போகும், குழந்தையின் கையும் தானாக நீண்டு நிற்கும். கையைப் பிடித்து நடக்கும்போது குழந்தை பாய்ந்தால் நாம் ஓரடி கூடவே போவோம், பிடியைத் தளர்த்துவோம். பூட்டிய பட்டைக்கு அந்த நிதானம் கிடையாது. உள்ளே வைத்த பஞ்சு தோலைக் காக்கும், சுழலும் கொக்கி கயிறு முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும். மூட்டுக்கு இரண்டாலும் பயனில்லை.

மார்புப் பட்டையில் இழுப்பை உடற்பகுதி ஏற்கிறது, கைகள் இரண்டும் விடுதலையாக இருக்கின்றன. வாங்கும்போது மார்புப் பூட்டு அக்குள் உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பட்டைக்கும் மார்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் போதும். தளர்வாக இருந்தால் தோளில் மாட்டிய பட்டை வழுக்கிப் புயத்துக்கு இறங்கிவிடும், இழுப்பு மறுபடி கைக்கே வந்துவிடும். வார் முதுகின் மேற்பகுதியில், கழுத்தை ஒட்டாமல் இணைந்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே இணைத்திருந்தால் குழந்தை தடுமாறி விழும். பைக்குள் கனமான பொருள் வைக்காதீர்கள். வாரைப் பிடித்துக் குழந்தையைத் தூக்கவே கூடாது. சறுக்குமரம், ஊஞ்சல், நகரும் படிக்கட்டு அருகே வாரைக் கழற்றிவிடுங்கள். எங்காவது சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. வண்டிகள் ஓடும் சாலையைக் கடக்க இது மட்டும் போதாது, தூக்கிக்கொள்வதே மேல்.

ஆனால் எவ்வளவு நல்ல பட்டை வாங்கினாலும் வீட்டுக்குள் நடக்கும் இழுப்புகளை அது தடுக்காது. அவைதான் எங்களுக்கு அதிகக் கவலை. இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் குழந்தையை ஊஞ்சலாட்டுவது, படியேறும்போது ஒற்றைக் கையால் மேலே தூக்குவது, தரையில் விழுந்து அடம்பிடிக்கும் குழந்தையைக் கையைப் பற்றி எழுப்புவது, இறுக்கமான சட்டைக் கையிலிருந்து விரலைப் பிடித்து இழுப்பது எல்லாமே ஆபத்துதான். தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். சட்டை மாட்டும்போது உங்கள் கையைச் சட்டைக் கையின் நுனி வழியாக உள்ளே விட்டு, குழந்தையின் முன்கையைத் தாங்கியபடி துணியை மேலே நகர்த்துங்கள். தாத்தா பாட்டியிடமும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடமும் இதைச் சொல்லிக் காட்டுங்கள். ஒரு முறை நழுவிய முழங்கை மறுபடி நழுவக்கூடும் என்பதால், முன்பு இது வந்த குழந்தை என்றால் எல்லோருக்கும் தெரிந்திருப்பது அவசியம்.

நழுவியிருந்தால் குழந்தை அந்தக் கையைப் பயன்படுத்த மறுக்கும். கையைச் சற்று மடக்கி, உடம்போடு ஒட்டி, உள்ளங்கை உட்புறமோ கீழ்நோக்கியோ வைத்திருக்கும். வீக்கம் பெரும்பாலும் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சில குழந்தைகள் மணிக்கட்டைக் காட்டும். தொடாமல் விட்டால் மற்றொரு கையால் விளையாடவும் செய்யும், அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். நீவுவது, எண்ணெய் தேய்ப்பது, நீங்களே திருகிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது எலும்பு முறிவாகவும் இருக்கலாம். கை எந்த நிலையில் வசதியாக இருக்கிறதோ அப்படியே தாங்கி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முன்கையைத் திருப்பி மூட்டைச் சரியாக உட்கார வைக்க அவருக்குச் சில நொடிகளே ஆகும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் குழந்தை கையை நீட்டி ஏதாவது எடுக்கத் தொடங்கிவிடும். தொடங்காவிட்டால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எப்படி நடந்தது என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இழுத்ததால் வந்தது என்று தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் எக்ஸ்ரே தேவைப்படாது. விழுந்ததால் வந்தது என்றாலோ, வீக்கமோ கன்றிப்போன தடமோ இருந்தாலோ, கையைத் திருப்புவதற்கு முன்பே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.